தடைக்காலமும் குடியும்

ஐயா,

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மதுக்கடைக்கே போகிறது என்ற உங்கள் செய்தியைப் படித்தேன். திமிர் என்று திட்டுவது சுலபம். ஆனால் தினமும் குடிப்பவருக்கு மன அழுத்தம் வந்தாலே மூளை பழகிய வழியைத்தான் தேடும். குடித்தால் கொஞ்ச நேரம் தணியும், போதை இறங்கியதும் படபடப்பு முன்னைவிடக் கூடும், அதுவே மறுபடி கடைக்கு இழுக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்க, என் சித்தப்பா துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பார், வட்டிக்காரர் போன் வந்தால் மட்டும் வலை ஊசியைக் கீழே போட்டுவிட்டு மதுக்கடைக்கு எழுந்துவிடுவார் (கடலுக்குப் போகும் நாளில் இவ்வளவு குடியில்லை). தடைக்காலம் முடியும்வரை மீன் இறங்குதளத்தில் மனநல ஆலோசகர் ஒருவரை உட்கார வைக்கலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416ஐ ஏலக்கூடச் சுவரில் பெரிதாக எழுதலாம்.

- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்