தகரம் வியர்க்கும், பாப்பா

கோத்தகிரி
ஆவணி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து வேன் வாங்கிவிட்டோம் என்று சொன்னதும், 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. பெங்களூர் வீட்டைக் காலி செய்யப் போகிறோம், இனி வண்டிதான் வீடு என்று நீ சொன்ன அந்த நிமிஷம் எனக்கு, இலங்கையிலிருந்து வந்ததும் எங்களை வைத்திருந்த மண்டபம் முகாம் கண் முன்னால் வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான். இலங்கைத் தோட்டங்களில் இருந்த எங்களைப் போன்ற தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கழித்து எங்கள் முறை வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்குப் பதினோரு வயது. கையில் மூன்று டிரங்குப் பெட்டி. மண்டபத்தில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, ஆறு பேர். தாத்தா சாகும்வரை கேட்டது ஒன்றே ஒன்றுதான், நமக்கென்று ஒரு கதவு, அதில் நம் நம்பர். இந்த மூன்று சென்ட்டை வாங்கி வீடு கட்டி முடித்த அன்று அவர் கதவு நம்பரைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை கதவு நம்பர் வேண்டாம் என்கிறதே என்று வயிற்றைப் பிசைந்தது. ஒரு வாரம் யோசித்தேன். எங்களை அனுப்பினார்கள். நீ உன் இஷ்டத்துக்குப் போகிறாய், திரும்பி வர இந்த வீடும் இருக்கிறது. சரி, போ. ஆனால் முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவன் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் தகரம், குறுக்கே இரும்புச் சட்டங்கள், பத்தடிக்கு ஆறடி. எங்கள் லைன் வீட்டை விடச் சின்னது. ஆனால் அந்தத் தகரத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

லைன் வீட்டுக்குத் தகரக் கூரை. மார்கழி மாதம் விடியற்காலையில் மழை பெய்யாமலே வீட்டுக்குள் சொட்டும். ராத்திரி முழுக்க ஆறு பேர் விட்ட மூச்சு, ஆயா மூன்று மணிக்கே எழுந்து போட்ட உலைத் தண்ணீரின் ஆவி, எல்லாம் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு முத்து முத்தாக நிற்கும். முத்து பெருத்து, தகரத்தின் மடிப்பு வழியே நகர்ந்து, ஆணி அடித்த இடத்தில் கொஞ்ச நேரம் தொங்கும். அப்புறம் சித்தப்பாவின் நெற்றியில் விழும். அவன் தூக்கத்திலேயே துடைத்துக்கொள்வான். ஆயா கூரைக்கு அடியில் சாக்கு கட்டிப் பார்த்தார். சொட்டுவது நின்றது, ஆனால் ஒரே மாதத்தில் சாக்கு கறுத்துப் பூஞ்சை நாற்றம். தை மாதம் சித்தப்பாவுக்கு இளைப்பு வந்தது. சாக்கைப் பிடுங்கி எரித்துவிட்டு ஜன்னலை விரலளவு திறந்து வைத்துத் தூங்கினோம். குளிர்தான், ஆனால் சாக்கு நாற்றம் போய்விட்டது.

உன் வேனும் தகரம்தான், பாப்பா. நீங்கள் இரண்டு பேர் தூங்கினால் ஒரு ராத்திரிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் மூச்சிலும் தோலிலும் வெளியே வரும். அதோடு சமையல். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் அதிலிருந்தே ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது. பாத்திரத்தில் கொதிப்பது தனி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் பிடிக்கும், அத்தனை நேரமும் ஆவி. குக்கர் இல்லாமல் கிளம்பாதே. இந்தத் தண்ணீரெல்லாம் போக வழியில்லை என்றால், நீ அழகாக அடிக்கப் போகிற பலகைக்குப் பின்னால் போய்த் தகரத்தில் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துத் துரு வெளியே வரும்போதுதான் தெரியும்.

அதனால் குளிருக்கு என்று கிளாஸ் வுல், அதாவது கண்ணாடிப் பஞ்சு, திணிக்காதே. அது எங்கள் சாக்கு மாதிரி, ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் கிடைக்கும். அதைத் தகரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டு. தகரத்துக்கு மட்டும் ஒட்டிவிட்டு இரும்புச் சட்டத்தை விட்டுவிடாதே, குளிர் அந்தச் சட்டம் வழியாகத்தான் உள்ளே வரும். கதவுகளின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தவை. ஃபோம் அடித்து அடைத்துவிட்டால் கதவு அடியிலிருந்தே அரித்துக்கொண்டு வரும். பிளைவுட் வாங்கும்போது ஈரம் தாங்குகிற மரைன் பிளைதானா, பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மெத்தைக்கு அடியில் முழுப் பலகை போடாமல் ஒல்லியான ரீப்பர் சட்டங்கள் அடித்து இடைவெளி விடு.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. கொழுந்துச் சாக்கை நெருக்கி அடுக்கினால் ஃபேக்டரிக்குப் போவதற்குள் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். வெளியே தொட்டால் ஜில்லென்று இருக்கும், கையை உள்ளே விட்டால் கொதிக்கும். ஃபேக்டரியில் முதல் வேலையே அந்த இலையைத் தொட்டியில் பரப்பி அடியிலிருந்து காற்றை ஊதுவதுதான். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால் ஒரு கிலோ தூள், மீதியில் பெரும்பகுதி தண்ணீராகப் போகிறது. காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறினால்தான் ஈரம் போகும். கூரையில் ஒரு ஃபேன் வைக்கிறேன் என்றாய், நல்லது. அது வெளியே இழுக்க வேண்டும். காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு வழி வேண்டும். வழி இல்லாமல் ஃபேன் சும்மாதான் சுற்றும்.

அடுத்து ஒன்று சொல்கிறேன். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், தை மாதம். ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் லாரி பிரேக்டவுன் ஆகி ராத்திரி அங்கேயே தங்க வேண்டி வந்தது. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. நானும் கிளீனர் பையனும் ஒரு எண்ணெய் டின்னில் அடுப்புக்கரி போட்டுப் பற்றவைத்து, புகை அடங்கியதும் கேபினுக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். புகை இல்லையே, பயமில்லை என்று நினைத்தோம். இதமாக இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு நேரம் தலையை யாரோ இரும்புப் பட்டையால் இறுக்குகிற மாதிரி வலி. எழுந்திருக்க நினைக்கிறேன், கால் வரவில்லை. கதவுப் பிடியைப் பார்க்க முடிகிறது, கையைத் தூக்க முடியவில்லை. எப்படியோ தோளால் தள்ளி, கதவு திறந்து, பனியில் விழுந்தேன். பையனை இழுத்துப் போட்டேன். அவன் வாந்தி எடுத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அந்த விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் இப்படிக் கரி மூட்டிக்கொண்டு தூங்கி எழாமலே போனதைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுப் பிடிதான் ஞாபகம் வரும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று விற்கிறார்கள். வேனுக்குள் முதலில் வாங்கி மாட்டுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜுக்கு முன்னால். எவ்வளவு குளிரானாலும் கரியோ கேஸ் அடுப்போ குளிர் காயப் பற்றவைக்காதே, இரண்டு கம்பளி போர்த்திக்கொள். சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில், தரையை ஓட்டை போட்டு வெளியே ஒரு வழி விடு. கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், மேலே ஜன்னல் திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

வயரிங்கை மாப்பிள்ளையே செய்கிறார் என்றாய். அவர் படித்தவர். ஒன்றே ஒன்று சொல், தகரத்தில் ஓட்டை போட்டு வயர் இழுக்கிற ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் புஷ் போட வேண்டும். வண்டி ஆடி ஆடித் தகர விளிம்பு வயரை அறுக்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். லித்தியம் பேட்டரி என்றால் உறைபனி ராத்திரியில் வெளிப்பக்கம் வைக்காதே, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுப்போகும்.

ஆர்.சி. விஷயத்தைத் தள்ளிப்போடாதே. அது சரக்கு வண்டியாகப் பதிந்த வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக நாமே மாற்றிக்கொள்ள முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, வேலை முடிந்ததும் ஆர்.சி.யில் ஏற்று. இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடு. இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று ஆகும்போது கையை விரித்துவிடுவார்கள்.

எல்லாம் அடித்து முடித்ததும், தண்ணீர் டேங்க்கை நிரப்பி, துணிமணி, பாத்திரம், நீங்கள் இரண்டு பேர், எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓர் எடை மேடைக்குப் போ. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ, அதை மறந்துவிடுகிறார்கள். நீ இதுவரை ஓட்டிய கார் வேறு. இது உயரமான வண்டி, எப்போதும் லோடோடு இருக்கிற வண்டி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய 1500 மீட்டர் இறக்கம். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி வழியில் கருகின வாசனை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை.

அம்மாவுக்கு ஒரே கவலை கக்கூஸ். மூன்று தடவை கேட்டுவிட்டாள். எடுத்து வெளியே கொட்டுகிற பெட்டி மாதிரி இருக்கிறதாமே, அதை எங்கே கொட்டுவாய் என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் எழுது, எனக்கும் தெரிய வேண்டும். ஓடையில் கொட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, காட்டு ஓரத்தில் ராத்திரி நிறுத்தாதே. இங்கே கரடி எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவையே பெயர்க்கிறது. வேன் கதவு அதற்கு ஒன்றுமே இல்லை.

இப்போது நான் கேட்பது ஒன்று. வண்டி தயாரானதும் நேராக ராஜஸ்தான், லடாக் என்று கிளம்பாதே. ஐப்பசியில் இங்கே வா. ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடியில்தான் மழை. நமக்குத் தொட்டபெட்டா மலை மறைக்கிறது, நம் மழை ஐப்பசி, கார்த்திகை. 2009 நவம்பரில் பெய்தது உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் லீவு என்று நீ சந்தோஷப்பட்டாய். நான் ரோடு எங்கெங்கே போயிருக்கிறது என்று நடந்தே பார்த்துவிட்டு வந்தேன். அந்த அளவு வேண்டாம், சாதாரண கார்த்திகை மழை போதும். பத்து நாள் வெயிலே தெரியாது, துணி காயாது, மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும். ஒரு நாற்பது நாள் நம் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே தூங்கு. வீட்டுக்குள் வரச் சொல்லி அம்மா கூப்பிடுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் விடியற்காலையில் நான் டார்ச் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீயும் நானும் கதவு ஓரம், பலகை இடுக்கு, மெத்தை அடி, எல்லாம் தடவிப் பார்ப்போம். எங்கே கை ஈரமாகிறதோ அங்கே பிரித்துச் சரி செய்வோம். என் டூல்ஸ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மார்கழி பிறந்ததும் நீ எங்கே வேண்டுமானாலும் போ.

உங்கள் ஆதார், லைசென்ஸ் எல்லாவற்றிலும் இந்த முகவரியே இருக்கட்டும். வருகிற கடிதத்தை அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். வரும்போது நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துவிடு, வெளியூர் நம்பர் வண்டிக்கு அது இல்லாமல் செக்போஸ்டில் நிறுத்துவார்கள்.

கேட் போதாது என்று நேற்று ஒரு தூணை இடித்துவிட்டேன். இப்போது ஒன்பதரை அடி இருக்கிறது. கொய்யா மரத்துக்கும் சுவருக்கும் நடுவே இடத்தைச் சமன் செய்து சிப்ஸ் ஜல்லி கொட்டச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் உடனே அளந்து சொல். கூரை ஃபேன், சோலார் தகடு எல்லாம் சேர்த்துத் தரையிலிருந்து வண்டி எத்தனை அடி உயரம்? நம் சந்து முனையில் கேபிள் வயர் தாழ்வாகத் தொங்குகிறது. நீ வருவதற்குள் கேபிள்காரப் பையனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா