பக்கவாட்டுப் படம் ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கறுப்புத் தாளில் நிழலுருவம் வெட்டித் தரச் சொல்லி நீங்கள் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை நேராகப் பார்க்கும் முகங்கள். உடனே நாங்கள் "பக்கவாட்டில் எடுத்தது இருக்கிறதா?" என்று கேட்டு உங்களுக்கு வேலை வைக்கிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நிழலுருவத்தில் கண்ணோ நிறமோ கிடையாது. நெற்றி இறங்கி மூக்காக எழும் வளைவு, உதடுகள், மோவாய், கழுத்து. இந்த விளிம்பை மட்டும் பார்த்து, "அட, நம்ம அத்தை!" என்று வீட்டார் சொல்ல வேண்டும். நேர்முகப் படத்தைக் கறுப்பாக்கினால் இரண்டு காது முளைத்த முட்டைதான் மிஞ்சும். அதைக் கொண்டு பக்கவாட்டு முகத்தை ஊகித்து வரைந்து வெட்டலாம். நாங்கள் அதைச் செய்வதில்லை. மூக்கு எவ்வளவு எடுப்பானது என்பது அந்தப் படத்தில் தெரியாது. ஊகித்து வெட்டினால் அது வேறு யாருடைய மூக்காகவோ ஆகிவிடும்.

போனிலேயே எடுத்துவிடலாம். வெள்ளைச் சுவர் முன்னால் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏழெட்டு அடி தள்ளி நின்று, போனை அவர் காது உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் காதும் கன்னமும் பெரிதாகி, முகத்தின் அளவுகள் மாறிவிடும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். அது நெற்றி முடியையும் இமை முடியையும் மழுக்கிவிடுகிறது. குழந்தை என்றால் உச்சியில் நிற்கும் அந்த நான்கு முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்துவிடாதீர்கள், அதுதான் அடையாளம். கொண்டை, பூ, மீசை எல்லாம் நன்றாக விழும். மூக்குத்தி தெரியாது. ஜிமிக்கியும் கழுத்தின் மேலேயே தொங்கினால் கறுப்போடு கறுப்பாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எங்கள் தாளின் முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் வெள்ளை. கோடு போடுவது வெள்ளையில் என்பதால் படத்தை இடம் வலம் மாற்றித்தான் பதிக்கிறோம். இல்லாவிட்டால் ஜோடியாக மாட்டும்போது கணவனும் மனைவியும் முதுகு காட்டி நிற்பார்கள். வெட்டும்போது கத்தரி ஒரே இடத்தில் இருக்கும், தாள்தான் திரும்பும்.

தாளை மடித்து ஒரே வெட்டில் இரண்டு பிரதிகள் எடுப்போம். ஓகுஸ்ட் எடுவார் என்ற பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படித்தான் ஆயிரக்கணக்கான முகங்களை வெட்டினார். ஒன்று வந்தவருக்கு, இன்னொன்று பெயரும் தேதியும் எழுதி எடுவாரின் சொந்த ஆல்பத்துக்கு. 1849இல் ஐரோப்பா திரும்பும்போது கெர்ன்சி தீவருகே கப்பல் உடைந்து அந்த ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. எங்களுக்கு அது இன்றும் வருத்தம் தரும் செய்தி. உங்கள் இரண்டாவது பிரதி, மறுபக்கம் பார்த்தபடி, எங்கள் அலமாரியில் இருக்கும். முதல் பிரதி நனைந்தாலோ கிழிந்தாலோ கேளுங்கள். வைத்திருக்க வேண்டாம் என்றால் இரண்டையும் தந்துவிடுகிறோம்.

கடைசியாக, மறைந்தவர்களைப் பற்றி. தாத்தாவுக்கு ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவு படம்தான் இருக்கிறது என்று பலர் சொல்கிறீர்கள். அப்போது முடியாது என்று சொல்ல எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் மணமேடைப் பக்கம் திரும்பியிருப்பார்கள். ஓரத்தில் தாத்தாவும் இருக்கலாம். முகம் கட்டைவிரல் நகம் அளவு இருந்தாலே போதும். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து