ஒரே படுக்கைக்கு இரண்டு டிக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை - திருநெல்வேலி தனியார் பேருந்தில் ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு விற்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 'பண்டிகைக் கூட்டத்தில் சர்வர் திணறிவிட்டது' என்று நிறுவனத் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். முன்பதிவுக்கான ஜாவா சர்வர் நிரல்கள் எழுதி ஓய்வு பெற்றவன் நான். சர்வர் திணறினால் பக்கம் மெதுவாகத் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. ஒரு படுக்கையை இரண்டு முறை விற்பது வேறு கோளாறு.

காலி இருக்கைகளைக் காட்ட ஒவ்வொரு முறையும் எல்லாப் பதிவுகளும் இருக்கும் டேட்டாபேஸைக் கேட்டால் அது தாங்காது. அதனால் சர்வர் தன் நினைவகத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். அதுதான் கேஷ். காட்டுவதற்கு அந்த நகல் அரை நிமிடம் பழையதாக இருந்தாலும் சரி, பயணிக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான். விற்கும்போது அதை நம்பக் கூடாது.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. ஜாவா சர்வர் நிரல்களுக்காக 2001-இல் வந்த என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் 2.0 விதிமுறையிலேயே, நகலை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதற்கு ஏ, பி, சி என மூன்று வழிகள் உண்டு. 'ஏ' வழியில் ஒரு பரிவர்த்தனை, அதாவது ஒரு படுக்கையை விற்பது போன்ற ஒரு முழு வேலை, முடிந்த பிறகும் நகலை அப்படியே வைத்துக்கொள்ளலாம், டேட்டாபேஸில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றால் மட்டும். மற்ற இரண்டிலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் டேட்டாபேஸிலிருந்து மறுபடி படித்தாக வேண்டும். வேகம் கருதி 'ஏ' மாதிரியான ஏற்பாட்டில் ஓட்டுகிறவர்கள், பொங்கல் கூட்டத்துக்கு இரண்டாவது சர்வரைச் சேர்த்தால் வந்தது வினை. இரண்டும் தத்தம் நகலைப் பார்த்து ஒரே படுக்கையை விற்றுவிடும்.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு இருக்கைப் பதிவிலும், அதை மாற்றும்போதெல்லாம் ஒன்று கூடும் ஒரு வெர்ஷன் எண் போதும். படித்தபோது எண் 7 என்றால், 'எண் இன்னும் 7 என்றே இருந்தால் மட்டும் விற்றதாகக் குறித்து 8 ஆக்கு' என்று டேட்டாபேஸுக்குக் கட்டளை போக வேண்டும். முந்தியவர் கட்டளை ஒரு பதிவை மாற்றும், பிந்தியவர் கட்டளை எதையும் மாற்றாது. அவருக்கு அப்போதே 'மன்னிக்கவும்' சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் சோதனை பணம் வாங்கும் முன் நடக்க வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு அப்புறம் திருப்பித் தருகிறோம் என்பது பயணிக்கு உதவாது. பண்டிகை நாளில் இன்னொரு டிக்கெட்டுக்கு அவர் எங்கே போவார்?

அடுத்த பண்டிகைக்கு முன்பதிவு தொடங்கும் முன், நிரலில் என்ன திருத்தினீர்கள் என்று அந்த நிறுவனத்திடம் தங்கள் நிருபர் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற மென்பொருள் பொறியாளர், பாளையங்கோட்டை