கைகொடுத்த எல்லாருக்கும், டர்பனிலிருந்து

அன்புள்ள சொந்தங்களே, நண்பர்களே,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நடந்த எங்கள் கச்சேரிக்கு வந்தவர்கள், வர முடியாமல் டிக்கெட் மட்டும் வாங்கியவர்கள், எல்லாருக்கும் நன்றி. எழுபதுகளின் புரோக்ரெசிவ் ராக் (தாளமும் அமைப்பும் சிக்கலான ராக்) பாடல்களை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஒரு அகூஸ்டிக் கிட்டார் மட்டும் வைத்து வாசிக்கப்போகிறோம் என்று சொன்னபோது, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களும் வந்திருந்தார்கள்.

ரொம்பவே கடன்பட்டிருப்பது எங்கள் மிருதங்க அண்ணனுக்கு. மேடை ஏறவே மாட்டேன் என்றுவிட்டார், அதனால் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 1973ஆம் ஆண்டு ‘மணி’ பாட்டின் தாளம் 7 எண்ணிக்கையில் ஓடும். கிட்டார் தனியாக வரும் இடத்தில் 4க்கு மாறி, அப்புறம் 7க்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் செல்லோத் தம்பி தடுமாறிக்கொண்டே இருந்தான். அண்ணன் நோட்டைப் பார்க்கவே இல்லை. "மிஸ்ர சாபுன்னு நெனச்சுக்கப்பா" என்று, அந்த 7 எண்ணிக்கைத் தாளத்தின் "தகிட தகதிமி" சொல்லித் தொடையில் தட்டினார். கிங் கிரிம்சன் குழுவின் ‘ஸ்டார்லெஸ்’ நடுவில் 13க்குப் போகும். அதையும் "தகதிமி தகதிமி தகதகிட" என்று உடைத்துக் கொடுத்தார். தம்பி இப்போது தெருவில் நடக்கும்போதும் அதைத்தான் முணுமுணுக்கிறான்.

அந்தக் காலப் பதிவுகளில் வயலின் கூட்டம்போலக் கேட்பது பல இடங்களில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு. கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் துண்டு. அழுத்தினால் சுமார் 8 வினாடி ஒலித்து நின்றுவிடும். வயலினைப் பதிந்துவைத்து ஒலித்த அந்தப் பகுதிகளை மறுபடி வயலினுக்கே எழுதித் தந்தவர் எங்கள் இசை ஆசிரியை அக்கா. நிற்க வேண்டிய ஸ்வரங்களை அவர் வில் போகும்வரை போகவிட்டார். என்னைக் கேட்டால் அந்த இடங்கள் மூலத்தைவிட அழகு. கோபப்படுகிறவர்கள் படட்டும்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ட்ரெவர் ராபின், யெஸ் குழுவோடு 1983இல் வெளியிட்ட ‘90125’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டாவது வேண்டும் என்று அடம்பிடித்த மாமாவுக்கும் நன்றி. அது எழுபதுகள் இல்லையே என்றேன். "நம்ம நாட்டுப் பையன்டா" என்றார். சரி, வாசித்தோம்.

மண்டபம் கொடுத்த கோயில் கமிட்டிக்கும், பாடல் உரிமைகளைக் கவனிக்கும் சாம்ரோ அமைப்பின் உரிம விண்ணப்பத்தை நிரப்பிய தங்கைக்கும், பிரியாணியும் தாலும் சமைத்த ஆன்ட்டிமாருக்கும் நன்றி. மைக் இல்லாத கச்சேரி என்பதால் மின்விசிறியை அணைக்கச் சொன்னோம். டர்பன் புழுக்கத்தில் தந்திகளே சுருதி இறங்கின. முன்வரிசைப் பாட்டிமார் முந்தானையால் விசிறிக்கொண்டு கடைசிவரை இருந்தார்கள். அவர்களுக்குத் தனி நன்றி.

இரவல் வாங்கிய நோட்டு ஸ்டாண்டுகளில் இரண்டு இன்னும் என் காரில் கிடக்கின்றன. உரியவர்கள் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
கச்சேரிக் குழுவின் சார்பில்,
கிட்டார் வாசித்தவன்