பிள்ளைகளிடம் கேள்வி கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. தோட்டத்தில் பிறந்து, இலவசக் கல்வியில் டொக்டரான பிள்ளைகள் அமெரிக்க ரெசிடென்சி, அதாவது அங்கத்தைய வைத்தியசாலைகளில் விசேட வைத்தியப் பயிற்சி, அதற்கான நேர்முகத்துக்கு என்று இரவிரவாகக் கம்பியூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள், இது மலையகத்துக்குச் செய்யும் துரோகம் என்று ஓர் அன்பர் பொரிந்து தள்ளியிருந்தார். கொழும்பில் பிறந்த பிள்ளை போனால் மேற்படிப்பு, லயத்தில் பிறந்த பிள்ளை போனால் துரோகமா என்று கேட்பதோடு அந்த வழக்கை நான் முடித்துக்கொள்கிறேன். போவதும் இருப்பதும் அவரவர் முடிவு. என் ஆதங்கம் வேறு. போவதென்று முடிவெடுத்த பிள்ளைகள் தயாராகிற விதம் சரியில்லை. அதைச் சரிசெய்யக்கூடிய ஆட்களோ இங்கேயே, ஹட்டனிலும் பண்டாரவளையிலும், சும்மா பேப்பர் படித்துக்கொண்டு இருக்கிறோம்.

நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பழைய மாணவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், கூட்டாளிகள் என்று சிலர் வீட்டுக்கு வருவார்கள். முதலில் ஓஈடி என்கிற, வைத்தியத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சைக்குத்தான் வந்தார்கள். வெளிநாட்டு வைத்தியர்கள் அமெரிக்காவுக்கே போய், நோயாளியோடு பேசிப் பரிசோதித்துக் காட்ட வேண்டியிருந்த ஸ்டெப் 2 சீஎஸ் பரீட்சையை 2021இல் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள், இப்போது இங்கிலிஷை அளக்க ஓஈடிதான். அப்புறம் "சேர், இன்டர்வியூவுக்கும் கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று தொடங்கியது. பார்த்தால், இங்கிலிஷில் பெரிய குறை இல்லை. தன்னைப் பற்றிப் பேசத்தான் வரவில்லை.

இதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை. நம் நாட்டில் ஒரு பிள்ளை டொக்டராகும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா, அப்புறம் வைத்திய பீடம், பட்டம் முடிந்ததும் உள்ளகப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதும் தரவரிசைப்படி. கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் விசேட வைத்தியப் படிப்புக்கு நுழைவதும் பெரும்பாலும் பரீட்சைப் புள்ளியை வைத்துத்தான். நீ யார், ஏன் இந்த வேலைக்கு வந்தாய், உன் வார்டில் ஒரு சண்டை வந்தால் என்ன செய்வாய் என்று இந்தப் பாதை முழுக்க ஒருவரும் கேட்பதில்லை. வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சை இருக்கிறதே என்று சொல்வீர்கள். வைவாவில் கேட்பது நோயைப் பற்றி. இந்த முறையில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். முகத்தையும் பெயரையும் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்ததால்தான் தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவு தூரமாவது வந்தார்கள்.

ஆனால் அமெரிக்காவில் கதை அப்படியல்ல. அவர்களுடைய வைத்திய உரிமப் பரீட்சையின் முதல் கட்டமான ஸ்டெப் 1க்கு 2022 ஜனவரியிலிருந்து புள்ளியே கிடையாது, சித்தி அல்லது தோல்வி மட்டும்தான். ஸ்டெப் 2இல் இன்னும் இருக்கிற எழுத்துப் பரீட்சையின் புள்ளி கணக்கில் வரும், அது கதவைத் திறந்துவிடும், உள்ளே போனபிறகு நேர்முகம்தான். ஒவ்வொருவரோடும் 15, 20 நிமிடம், ஒரே நாளில் பயிற்சித் திட்டத்தின் பணிப்பாளர், ஓரிரு பேராசிரியர்கள், அங்கே பயிற்சியில் இருக்கும் ஒரு டொக்டர் (ரெசிடென்ட்) என்று வரிசையாகப் பேசுவார்கள். பல இடங்களில் அதற்கு முந்தின நாள் ரெசிடென்ட்மாரோடு சும்மா பேசுகிற ஒரு சந்திப்பும் இருக்கும். சும்மா என்று சொல்வார்கள், அதுவும் கவனிக்கப்படும் என்று எடுத்துக்கொள்வதே புத்தி.

இதற்கு நம் பிள்ளைகள் செய்வது என்ன? டொலரில் பணம் கட்டி ஒன்லைன் வகுப்பில் சேர்ந்து, நூறு கேள்விக்கு நூறு பதில் வாங்கி, உயர்தர நோட்ஸ் மாதிரி பாடமாக்குவது. "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் மூன்று பேர் ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறார்கள். "உன் பலவீனம் என்ன" என்றால் மூன்று பேருக்கும் ஒரே பலவீனம், எல்லாவற்றையும் அளவுக்கு மீறி ஒழுங்காகச் செய்வது! கேட்கிற பணிப்பாளர் அன்று காலையிலேயே இதை எத்தனை முறை கேட்டிருப்பாரோ.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டப் பகுதி வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறார். மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல் என்று கேட்டேன். நெஞ்சுவலியோடு வந்த ஒருவர், ஈசீஜீ எடுத்தோம், இன்ன மருந்து கொடுத்தோம் என்று பாடப்புத்தகத்தை ஒப்புவித்தார். சரி, அதை விடு, போன மாதம் உனக்கு ஆக மோசமான நாள் எது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, குளவி கொட்டி கொழுந்து லொறியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய நாள் என்றார். வாசலில் லொறி, உள்ளே இரண்டு கட்டில் காலி, தாதி ஒருவர். யாருக்கு முதலில் தொடையில் அட்ரினலின் போடுவது? கத்துகிறவர்களை விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்த ஒரு அம்மாவிடம் ஓடினாராம், அவருக்குத்தான் இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. பிறகு லொறி டிரைவரையே கூப்பிட்டு, மற்றவர்களை வரிசையாக உட்கார வைத்து, யாருக்காவது மூச்சு முட்டினால் உடனே கத்து என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்? அவசரத்தில் முடிவெடுத்தது, ஆள் போதாத இடத்தில் கையில் இருப்பதை வைத்துச் சமாளித்தது, கூட்டாக வேலை செய்தது என்று அமெரிக்கர்கள் தேடுகிற அத்தனையும் அந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. ஏன் தம்பி இதைச் சொல்லவில்லை என்றால், "இதெல்லாம் நம்ம பக்கத்தில் வழக்கமா நடக்கிறதுதானே சேர்" என்கிறார்.

அங்கேதான் என் ஆதங்கம் எல்லாம். குளவிக்கொட்டு, அட்டைக்கடி, எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள், வேலைநாள் போய்விடும் என்று காய்ச்சலை மறைக்கிற தாய்மார், சிங்களத்தில் எழுதிய கிளினிக் அட்டையை வாசிக்கத் தெரியாமல் மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்ட கிழவர், இவையெல்லாம் நமக்கு வழக்கம். மூன்று மொழிக்கு நடுவில் நின்று வேலை செய்த டொக்டர், நோயாளிக்கு மொழி புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசலாம். அமெரிக்க வைத்தியசாலைகளில் ஸ்பானிய மொழி மட்டும் பேசுகிற நோயாளி வந்தால், கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல், பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் போனிலோ வீடியோவிலோ அழைப்பார்கள். எங்கள் பயிற்சித் திட்டத்துக்கு ஏன் விண்ணப்பித்தாய் என்ற கேள்விக்கு, அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிற வரியை அவர்களுக்கே திருப்பிச் சொல்லாமல், அந்த ஊரில் எப்படிப்பட்ட நோயாளிகள் வருகிறார்கள் என்று தேடிப் பார்த்து அதோடு தன் அனுபவத்தைச் சேர்த்துப் பேசினால் போதும். ஒன்று மட்டும் கவனம், நோயாளியின் பெயர், தோட்டத்தின் பெயர் எதுவும் வாயில் வரக்கூடாது.

அதற்காக லயத்துக் கஷ்டத்தைக் கடைவிரிக்கச் சொல்லவில்லை. விண்ணப்பத்திலேயே, கடந்து வந்த சவால்களை எழுத ஒரு பகுதி இருக்கிறது, விரும்பினால் மட்டும் நிரப்பலாம். எழுதுவதென்றால் நடந்ததை நேராக எழுதட்டும். ஆனால் எந்தக் கேள்வி கேட்டாலும் அம்மாவின் கூடையில் கொண்டுபோய் முடிக்கிற பிள்ளைகளும் உண்டு. அம்மா கூடை சுமந்தது அம்மாவின் உழைப்பு. நீ வார்டில் என்ன செய்தாய் என்பதைச் சொல் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுவேன்.

பட்டம் பெற்ற பிறகு வருகிற இடைவெளியைப் பற்றியும் பிள்ளைகள் வெட்கப்பட்டு மழுப்புகிறார்கள். இங்கே நியமனத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது என்பது அமெரிக்கருக்குத் தெரியாது. அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்தேன், அந்த நேரத்தில் டியூஷன் கொடுத்தேன் என்று இரண்டு வரியில் சொன்னால் முடிந்தது. பிழை விட்ட சம்பவம் ஒன்றைக் கேட்டால், யாருக்கும் தீங்கில்லாத பொய்ப் பிழை ஒன்றைச் சோடிக்க வேண்டாம், கேட்கிறவருக்கு அது தெரிந்துவிடும். என்ன நடந்தது, யாரிடம் சொன்னாய், அடுத்த முறை எதை மாற்றினாய், அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கல்யாணம் ஆயிற்றா, எப்போது பிள்ளை பெறும் யோசனை என்பதெல்லாம் அங்கே கேட்கக்கூடாத கேள்விகள், அதை வைத்து ஆளைத் தெரிவு செய்வது அவர்களுடைய வேலைவாய்ப்புச் சட்டத்துக்கு விரோதம். நம் ஊரில் முன்பின் தெரியாதவர்கூட பஸ்ஸில் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் பிள்ளைகளுக்கு அது பிழையாகவே படுவதில்லை. யாராவது கேட்டுவிட்டால், பயிற்சியை முழுமையாக முடிக்க எனக்குத் தடை ஏதுமில்லை என்று சிரித்தபடி நகர்ந்துவிடலாம். அதேபோல, வேறு எந்த வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பித்தாய், எங்களை எத்தனையாவதாகப் போடுவாய் என்று கேட்பதையும் மேட்ச் விதிகள் தடைசெய்கின்றன. மேட்ச் என்பது, பிள்ளைகளும் வைத்தியசாலைகளும் தனித்தனியே கொடுக்கிற விருப்பப் பட்டியல்களைக் கம்பியூட்டரில் பொருத்தி இடம் ஒதுக்குகிற முறை. தன் பட்டியலைப் பிள்ளை உண்மையாக விரும்பும் வரிசையிலேயே போட வேண்டும். எங்கே கிடைக்கும் என்று ஊகித்து வரிசையை மாற்றுவதால் ஒரு லாபமும் இல்லாதபடிதான் அந்தக் கணக்குமுறை இருக்கிறது. ஷாப்லி, ரோத் என்ற அமெரிக்க அறிஞர்கள் இருவருக்கும் 2012இல் பொருளியல் நோபல் கிடைத்ததற்கு இதன் அடிப்படையும் ஒரு காரணம்.

இனி நேரமும் இடமும். 2020இலிருந்து நேர்முகங்கள் பெரும்பாலும் ஒன்லைனில்தான், விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்கும் வேலை இல்லை, நமக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் நேரக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. நியூயோர்க்கில் காலை 8 மணி என்றால் ஒக்டோபரில் நமக்கு மாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு அதே 8 மணி நமக்கு 6.30. கலிபோர்னியா என்றால் குளிர்காலத்தில் காலை 9 மணி நமக்கு இரவு 10.30. அந்தப் பருவத்தில் நம் பக்கத்தில் மழை, தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, போதாததற்கு கோயிலில் ஐயப்ப சாமிமாரின் பஜனைக்கு மைக் செட். சாமியைக் குறை சொல்லவில்லை, ஸ்பீக்கரைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பலாமே என்கிறேன். கரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய, நாடே இருண்டது. அதனால் லெப்டொப்பில் முழு சார்ஜ், போனில் வேறு கம்பனி சிம்மில் டேட்டா, தொடர்பு அறுந்தால் அழைக்க அந்த வைத்தியசாலை இணைப்பாளரின் நம்பர் கடதாசியில், இந்த மூன்றும் மேசையில் இருக்க வேண்டும்.

ஒரு லயக் காம்பிராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் மூடிக்கொள்ள ஒரு கதவு எங்கே தேடுவது? பாடசாலைகளில் கம்பியூட்டர் அறைகள் இருக்கின்றன, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கின்றன. வலயக் கல்விப் பணிமனைகள் பழைய மாணவர் சங்கத்தின் பொறுப்பில் ஓர் அறையை இரவில் திறக்க அனுமதிக்கலாம். அது சரிவராது என்றால் நகரத்தில் வீடு இருக்கிற உறவினர்கள் ஓர் அறையைக் கொடுத்து, டீவியை இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைக்கலாம்.

அறையைவிட முக்கியம் கேள்வி கேட்கிற ஆள். டொக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி மனேஜர், தோட்டத்து பெரிய கிளாக்கர் யாராக இருந்தாலும் சரி, முன்னால் உட்கார்ந்து, சரி அப்புறம் என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று விடாமல் கேட்டால் போதும். பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் கையைத் தூக்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சேர்" போட்டுத் தலையைக் குனிந்தால், கெமராவைப் பார் என்று சொல்லுங்கள், நம்மிடம் மரியாதையாகத் தெரிவது அங்கே பயமாகத் தெரியும். இங்கிலிஷ் இலக்கணத்தைத் திருத்தத் தொடங்கினால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும், அதனால் நம் ஆசிரியர்மார் அந்தக் கையை மட்டும் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்தில் இப்படி வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க விருப்பமுள்ளவர்கள் ஆசிரியர் வழியாக எனக்கு எழுதலாம், என் முகவரி அவரிடம் இருக்கிறது. பிள்ளைகளும் எழுதலாம். விண்ணப்பங்களை அங்கே செப்டெம்பர் கடைசியில் பார்க்கத் தொடங்குவார்கள், ஆகையால் ஜூலை, ஓகஸ்டிலேயே வாருங்கள். நேர்முகத்துக்கு முந்தின நாள் போன் எடுத்து "சேர், நாளைக்கு" என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. போன ஞாயிறு எழுதிய அந்த அன்பரும் வரலாம், அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் குறுக்குக் கேள்வி நன்றாகவே கேட்பார் போலிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.