ஷட்டவுன் வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒப்பந்தக்காரர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும், ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கும் அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம்.

பைப் ஃபிட்டராகவும், அப்புறம் சூப்பர்வைசராகவும் அணுமின் நிலையத்தில் உலையை நிறுத்திவைத்துச் செய்கிற ஷட்டவுன் வேலைகளில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஷட்டவுனுக்கு முன்னாலும் எங்கள் பக்கத்துப் பையன்கள் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உள்ளே என்ன இருக்கும், போகலாமா?" அவர்கள் ஏற்கெனவே உங்களிடம் ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்தவர்கள். கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை என்பது வரை அவர்களுக்குத் தெரியும். மற்ற எதுவும் தெரியாது. அதைச் சொல்லாமலே அழைத்துப் போகிறீர்கள் என்பதுதான் என் குறை. அதற்காகத்தான் இந்த மடல்.

நிலையத்தில் பயிற்சி வகுப்பு உண்டு, அங்கே எல்லாம் சொல்லிவிடுவார்கள் என்பீர்கள். உண்டுதான். ஆனால் அந்த வகுப்பில் உட்காரும்போது பையன் ஏற்கெனவே ஊரைவிட்டு வந்தாகிவிட்டது, முன்பணம் வாங்கியாகிவிட்டது. வேண்டாம் என்று திரும்ப அவனால் முடியாது. முடிவெடுக்க வேண்டிய இடம் அவன் வீட்டுத் திண்ணை. உண்மையை அங்கேயே சொல்லுங்கள்.

முதலில், என்ன வேலை என்று சொல்லுங்கள். அணு உலை என்றதும் பையன்கள் மனதில் வருவது எரிபொருளைக் கையால் தொடுகிற காட்சி. கூடங்குளத்தில் ஓடுவது 1,000 மெகாவாட் உலைகள். ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் கட்டுகள். அவற்றில் ஒரு பகுதியை மாற்ற உலையை நிறுத்தி, மூடியைத் திறந்தாக வேண்டும். அந்த மாற்றம் ஆழமான போரான் கலந்த தண்ணீருக்கு அடியில், இயந்திரத்தால் நடக்கிறது. புதுப் பையன் அதன் பக்கத்தில் போவதில்லை. அவனுக்குக் கிடைப்பது சாரம் கட்டுவது, குழாய் மேல் இருக்கும் இன்சுலேஷனைக் கழற்றுவது, கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயப் போர்வை சுமப்பது, வால்வு பிரிக்கும் ஃபிட்டருக்குக் கைகொடுப்பது, தரை துடைப்பது, கழற்றிப்போட்ட உடைகளை மூட்டை கட்டுவது. கல்பாக்கம் வேறு மாதிரி. அங்கே மின் நிலையத்தில் இருப்பவை கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீரைப் பயன்படுத்தும் 220 மெகாவாட் உலைகள், ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் மாற்றக் கூடியவை. அதனால் அங்கே ஷட்டவுன் என்றால் பெரும்பாலும் சோதனையும் பழுதுபார்ப்பும்தான். இந்த வித்தியாசம் எதற்கு என்றால், கனநீர் இருக்கும் இடத்தில் டிரிடியம் என்ற கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன் இருக்கும். அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தும் பேட்ஜில் அது தெரியாது. சிறுநீர் சாம்பிள் கொடுத்தால்தான் தெரியும்.

பாட்டிலைக் கையில் கொடுத்ததும் கூச்சப்பட்டு, பக்கத்து ஆளின் சாம்பிளையே ஊற்றிக் கொடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் அங்கே குடிதண்ணீர் கூலரில் யாரோ டிரிடியம் கலந்த கனநீரை ஊற்றியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் குடித்திருந்தார்கள். அது வெளியே தெரிந்தது வழக்கமான சிறுநீர்ச் சோதனையில்தான்.

இரண்டாவது, காத்திருப்பு. புதிதாக வருபவனை அதிகம் நிலைகுலைய வைப்பது இதுதான். போலீஸ் வெரிஃபிகேஷன், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, தேர்வு, கேட் பாஸ், பேட்ஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பாஸ் கைக்கு வந்த பிறகும் உள்ளே பர்மிட் வரவில்லை, முன்னால் நடக்கிற வேலை முடியவில்லை, கிரேன் கிடைக்கவில்லை என்று ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பான். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு "வா, வா" என்று ஓட்டம். உலை நிற்கும் ஒவ்வொரு நாளும் மின்சாரம் இல்லை, வருமானம் இல்லை. அதனால் அட்டவணை எல்லோர் கழுத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கும். இதில் உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. பாஸுக்குக் காத்திருக்கும் நாட்களுக்குக் கூலி உண்டா இல்லையா? தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு? பல பேர் முதல் சம்பளத்தில் பாதியைக் கேன்டீன் கடனுக்கும் வாடகைக்கும் கொடுத்துவிட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். காத்திருப்பு வேலையின் ஒரு பகுதி. அதற்குக் கூலி கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அதையாவது முன்பே சொல்லுங்கள்.

போன் உள்ளே கொண்டுபோக முடியாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். கூடங்குளம் உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்த ஊர்களிலிருந்து வருகிற பையன்கள் இவர்கள். பன்னிரண்டு மணி நேரம் போன் எடுக்கவில்லை என்றால் அம்மா என்ன நினைப்பார்? அவசரத்துக்கு அழைக்க உங்கள் ஆள் ஒருவரின் நம்பரை அந்த அம்மாவிடம் கொடுத்தால் போதும்.

இனி டோஸ் பற்றி, அதாவது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு பற்றி. இதில்தான் ஊரில் இரண்டு பொய் உலவுகிறது. ஒன்று, உள்ளே போனால் பிள்ளை பிறக்காது என்பது. இன்னொன்று, உங்கள் மேஸ்திரிகள் சொல்வது: "ஒண்ணும் ஆகாதுடா, நான் இருபது வருஷமா போறேன்." இரண்டையும் நிறுத்துங்கள். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு வரம்பு ஐந்து ஆண்டுகளின் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு). எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இயற்கையிலிருந்தே மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் உலக சராசரியாகக் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சி மாதிரி மோனசைட் மணல் இருக்கும் கடற்கரையில் அது இன்னும் கூடுதல். நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் ஏழு மில்லிசீவர்ட் வரை வரலாம். பிள்ளை பிறப்பதைப் பாதிக்கும் அளவு, வரம்புக்குள் வேலை செய்பவனுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரியது, அதுவும் ஒரே மூச்சில் வாங்கினால். அதே சமயம், பாதுகாப்பு விதிகள் எந்த டோஸையும் சும்மா என்று எடுத்துக்கொள்வதில்லை. சின்ன டோஸுக்கும் சின்ன அளவில் புற்றுநோய் அபாயம் கூடும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால்தான் முடிந்தவரை குறைத்து வாங்கு என்கிறார்கள். வளர்ந்த மனிதனிடம் இதை இப்படியே சொல்லலாம். கேட்டுவிட்டு வருகிறவன் நிதானமாக வேலை செய்வான். கேட்காமல் வந்தவன் ஒன்று பயந்து நடுங்குவான், இல்லையென்றால் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான்.

பேட்ஜைக் கழற்றி வைப்பதைப் பற்றி உங்களிடம் நேராகவே பேச வேண்டும். ஒருவனுக்கு அந்த வேலைக்கு நிர்ணயித்த டோஸ் ஆகிவிட்டால் அவனை அங்கிருந்து எடுத்துவிடுவார்கள். அதோடு கூலி நின்றுவிடும் என்று அவன் நினைத்தால், பேட்ஜைப் பையில் மறைக்கவோ, கதிர்வீச்சு குறைவான மூலையில் தொங்கவிடவோ அவனுக்குக் கை போகும். ஃபுகுஷிமாவில் விபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பு வேலையில் இருந்த துணை ஒப்பந்தத் தொழிலாளர்களிடம், டோஸ் மீட்டரை ஈயத் தகட்டால் மூடச் சொன்ன விவகாரம் 2012-இல் வெளியே வந்தது. சொன்னது அவர்களை வேலைக்கு வைத்தவர்கள் தரப்பு. கூலி டோஸோடு கட்டப்பட்டிருக்கும் வரை எந்த நாட்டிலும் இது நடக்கும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும்: டோஸ் ஆனவனை வெளிப்பக்க வேலைக்கு மாற்றுவோம், பேசிய நாள் வரை கூலி குறையாது. டர்பைன் பக்கம், ஸ்டோர், பெயின்ட் அடிப்பது என்று ஷட்டவுனில் வெளி வேலைக்கா பஞ்சம்?

அந்த பேட்ஜ் யாருடைய கணக்கு என்பதையும் பையனுக்குப் புரிய வையுங்கள். டிஎல்டி பேட்ஜ் உள்ளே இருக்கும்போது எதையும் காட்டாது, சத்தமும் போடாது. பிறகு ஆய்வகத்தில் சூடாக்கித்தான் படிப்பார்கள். அன்றன்றைக்குப் பார்க்கத் தனியாக இன்னொரு மீட்டர் கொடுப்பார்கள். போகும்போது ஒரு எண், வரும்போது ஒரு எண். இரண்டையும் அவனே படித்து எழுதிவைக்கப் பழக்குங்கள். நாடு முழுக்கக் கதிர்வீச்சுப் பணியாளர்களின் டோஸ் கணக்கை பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரே பதிவேட்டில் வைத்திருக்கிறது. இன்று கூடங்குளம், அடுத்து கைகா, அப்புறம் தாராப்பூர் என்று ஷட்டவுன் பின்னாலேயே போகிறவனுக்கு இதுதான் பாதுகாப்பு. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்படி, முன்பு கதிர்வீச்சு வேலை பார்த்திருந்தால் அதைத் தொழிலாளி சொல்ல வேண்டும், அவனுடைய பழைய டோஸ் கணக்கைப் புது முதலாளி கேட்டால் பழையவர் கொடுக்க வேண்டும். நடப்பில் என்ன ஆகிறது? வேலை முடிந்த அன்று பேட்ஜை வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடுகிறீர்கள். எத்தனை மில்லிசீவர்ட் வாங்கினான் என்பது அவனுக்கே தெரியாது. கடைசிச் சம்பளத்தோடு ஒரு தாள் கொடுங்கள். பெயர், டிஎல்டி எண், வேலை பார்த்த தேதிகள், டோஸ். பேட்ஜ் ரிசல்ட் வரத் தாமதமானால் அவன் போனுக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

உள்ளே போனபின் உடம்புக்கு என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். கதிர்வீச்சு தெரியாது, வெக்கைதான் தெரியும். பாய்லர் சூட், அதன்மேல் இன்னொரு உடை, இரண்டு ஜோடி கையுறை, ஷூ கவர், சில இடங்களில் முகமூடி. உள்ளே தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. வெற்றிலை, ஹான்ஸ், பீடி எதுவும் ஆகாது. வாய்க்குக் கை போனால் கதிர்வீச்சுள்ள அழுக்கும் கூடவே போகும். புகையிலைப் பழக்கம் உள்ளவன் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவனுக்கு இதுதான் பெரிய வேதனை. முகமூடி போட வேண்டிய வேலை என்றால் தாடியை எடுக்க வேண்டியிருக்கும். மதத்துக்காகவோ நேர்த்திக்கடனுக்காகவோ தாடி வைத்திருப்பவனிடம் கேட்டுக்கொண்டு அழைத்து வாருங்கள். அழுக்குப் பகுதிக்கும் சுத்தமான பகுதிக்கும் நடுவே இருக்கும் தடுப்புப் பலகை முன்னால் வந்து அவனைத் தவிக்க விடாதீர்கள்.

அந்தத் தடுப்புப் பலகையில்தான் ஒருவன் எவ்வளவு கற்றிருக்கிறான் என்பது தெரியும். வேலை முடிந்து களைத்து வருவான். வெளிக் கையுறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உருட்டிக் கழற்ற வேண்டும். உடையின் வெளிப்பக்கம் தோலில் படாமல் சுருட்டி இறக்க வேண்டும். பலகையில் உட்கார்ந்து ஒரு ஷூ கவரைக் கழற்றி, அந்தக் காலைச் சுத்தமான பக்கம் வைத்த பிறகுதான் அடுத்த காலைத் தொட வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் கழற்றிவிட்டு அழுக்குத் தரையிலேயே கால் வைத்தால் உடம்பில் அந்த அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மானிட்டரில் ஏறும்போது மணி அடிக்கும். மணி அடித்ததும் பையன் முகம் வெளுத்துவிடும். அடித்தால் செத்துப்போவான் என்று பொருளில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்க்கும் ஹெல்த் பிசிக்ஸ் ஆள் வந்து எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். அழுத்தித் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கினால்தான் ஆபத்து. சட்டையில் ஒட்டியது போகவில்லை என்றால் சட்டையை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். இந்தக் கழற்றும் வரிசையை, வகுப்பில் படம் காட்டுவதோடு விடாமல், தங்குமிடத்திலேயே பழைய உடையை மாட்டி உங்கள் மேஸ்திரி நாலு தடவை செய்து பார்க்க வைத்தால் போதும். ஒரு சாயங்காலம் செலவு.

ஒன்று மறக்க வேண்டாம். ஷட்டவுனில் கதிர்வீச்சைப் பற்றியே பேசிப் பேசி மற்றதை விட்டுவிடுகிறோம். 2014 மே மாதம் கூடங்குளத்தில் டர்பைன் கட்டடத்தில் வால்வு வேலையின்போது வெந்நீர் கொட்டி ஆறு பேருக்குத் தீக்காயம். அதில் மூன்று பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள். அதற்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமே இல்லை. சாரத்திலிருந்து விழுவது, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம், தொட்டிக்குள் காற்றில்லாமல் போவது, தலைக்கு மேல் கிரேன். எல்லா ஆலையிலும் ஆளைக் கொல்வது எதுவோ அதுவே இங்கேயும். குழாய் லைனை யாரும் திறந்துவிடாதபடி பூட்டி டேக் போட்டாயிற்றா என்று கேட்கும் பையனை "பெரிய இன்ஜினியர்" என்று கிண்டல் செய்யும் மேஸ்திரியை முதலில் மாற்றுங்கள். உலைப் பக்கம் ஒரு நட்டு கைதவறி விழுந்துவிட்டால் அதை ஒத்துக்கொள்ளும் பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவன் மறைப்பான். மறைத்த நட்டு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்.

பெண்களும் துப்புரவுக்கும் துணி துவைக்கும் பகுதிக்கும் வருகிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சொன்ன பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாமல் வேலையை மாற்ற வேண்டும். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனசு ஆறவில்லை. வேலைக்குச் சேர்க்கும்போதே ஒரு பெண் சூப்பர்வைசரை வைத்து, கூலி போகாது என்ற உறுதியோடு, இதைச் சொல்ல வையுங்கள். பதினெட்டு வயது ஆகாத பையனை அண்ணன் ஆதாரைக் காட்டிக் கொண்டுவரும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் பேச்சுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஒடியா, இந்தி தெரிந்த பழைய கூட்டாளிகள் தங்கள் மொழியில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேண்டும் என்பவர்கள் அச்சடித்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். அடுத்த ஷட்டவுனுக்கு ஆள் எடுக்கும்போது ஆதார் நகல் வாங்குவதற்கு முன் அந்தத் தாளை வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல நான் வருகிறேன், ராதாபுரம் பக்கம் எந்த ஊர் என்றாலும் சரி. வாசித்த பிறகும் வருகிறேன் என்பவனை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஷட்டவுன்களில் வேலை பார்த்த ஒரு பழைய பைப் ஃபிட்டர்