புளூபெல் பாதைக்கு வரம்பு போட்டவருக்கு நன்றி

இங்கிலாந்துக் காட்டில் புளூபெல் என்னும் நீல மணிப்பூச் செடி மண்டிய பாதையோரம் முழுக்கக் காய்ந்த கிளைகளை வரம்பாகக் கிடத்தி வைத்த முகம் தெரியாத நண்பரே, மனமார்ந்த நன்றி. பூவைவிட இலையை மிதிப்பதுதான் பெரிய கேடு. நசுங்கிய இலை உணவு தயாரிக்காது. வெங்காயம் போன்ற அதன் கிழங்கு மெலியும். அடுத்த வசந்தத்தில் பூ குறையும். விதை முளைத்துப் பூக்க 5 ஆண்டுகளாவது ஆகுமே!

பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் போங்கள், மரங்கள் தழைத்து நிழல் கட்டுவதற்குள். தண்டு ஒரு பக்கமாக வளைந்து, இதழ்நுனி நன்றாகப் பின்னால் சுருண்டு, மகரந்தம் பாலேட்டு நிறத்தில் இருந்தால் நாட்டு வகை. தண்டு நிமிர்ந்து, மகரந்தம் நீலமாக இருந்தால் ஸ்பானிய வகை. வாசனையும் அவ்வளவாக இருக்காது. இரண்டும் கலந்த செடிகளும் உண்டு, அதனால் பூவின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். படம் எடுக்க வரம்பைத் தாண்ட வேண்டாம், குனிந்தாலே போதும்.